முதலீட்டுக் கணக்குக்கு ஸ்ப்ரெட்ஷீட்: பதிவேட்டில் தொடங்குங்கள்

ஸ்ப்ரெட்ஷீட்டில் முதலீட்டுக் கணக்கு வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்: பங்கின் பெயர், எத்தனை பங்கு, வாங்கிய விலை, இன்றைய விலை, லாபம். ஐந்து நெடுவரிசை, பத்து நிமிட வேலை. முதல் மாதம் அழகாகவே இருக்கும். அதே பங்கை இரண்டாவது தடவை வேறு விலைக்கு வாங்கும்போது சிக்கல் தொடங்கும். பழைய விலையை அழித்துவிட்டு சராசரியை எழுதுவதா, கீழே இன்னொரு வரிசை சேர்ப்பதா? பாதியை விற்றால் என்ன செய்வது? நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் டிவிடெண்ட் வந்தால் அதை எங்கே எழுதுவது? ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு எண்ணை மாற்றி மாற்றி, கடைசியில் அந்த எண் எப்படி வந்தது என்று எழுதியவருக்கே தெரியாமல் போய்விடும்.

அந்த ஷீட்டில் இன்றைய நிலை மட்டும் இருக்கிறது, நடந்தது எதுவும் இல்லை. அதுதான் கோளாறு. வங்கியிலிருந்து வரும் ஸ்டேட்மெண்டில் கடைசி இருப்பு மட்டும் இருந்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? அதனால் இங்கே ஒரே ஒரு விதி. நடந்ததை நடந்த தேதியில், ஒரே ஒரு இடத்தில் எழுதுங்கள். கணக்குப் போட்டு எடுக்கக்கூடிய எதையும் கையால் எழுதாதீர்கள். இந்த விதியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக அமையும்.

எந்த மென்பொருள் என்பது பெரிய விஷயமில்லை. எக்செல், கூகுள் ஷீட்ஸ், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் கால்க், மூன்றிலும் கீழே சொல்வதைச் செய்யலாம். விலை தானாக வரவேண்டும் என்றால் கூகுள் ஷீட்ஸ் கொஞ்சம் வசதி. அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் தாள்: பதிவேடு

புது கோப்பைத் திறந்து முதல் தாளுக்குப் ‘பதிவேடு’ என்று பெயர் வையுங்கள். மேல் வரிசையில் இந்தத் தலைப்புகள்: தேதி, கணக்கு, வகை, குறியீடு, எண்ணிக்கை, விலை, கட்டணம், பிற வரவு, பணம், குறிப்பு. ‘கணக்கு’ என்பது எந்த புரோக்கர் அல்லது எந்த ஃபண்ட் நிறுவனம் வழியாக வாங்கினீர்கள் என்பது. ‘குறியீடு’ என்பது பங்குச் சந்தையில் அந்தப் பங்குக்கு உள்ள சுருக்கப் பெயர். முழுப் பெயரை எழுதாதீர்கள். ஒரு நாள் ‘லிமிடெட்’ சேர்ப்போம், இன்னொரு நாள் விட்டுவிடுவோம், ஷீட் இரண்டையும் வேறுவேறு பங்கு என்று எடுத்துக்கொள்ளும்.

எண்ணிக்கையில் ஒரு சின்ன ஏற்பாடு: வாங்கினால் கூட்டல் குறி, விற்றால் கழித்தல் குறி. ‘பணம்’ என்ற நெடுவரிசையை மட்டும் கையால் நிரப்ப வேண்டாம். அங்கே ஒரே ஃபார்முலா:

பணம் = பிற வரவு − (எண்ணிக்கை × விலை) − கட்டணம்

உங்கள் பையிலிருந்து போனால் இது மைனஸில் வரும், பைக்கு வந்தால் பிளஸில் வரும். வாங்கல், விற்பனை, டிவிடெண்ட், ஸ்ப்ளிட் (ஒரு பங்கைப் பல பங்காகப் பிரிப்பது) எல்லாவற்றுக்கும் இந்த ஒரே ஃபார்முலா பொருந்தும் என்பதுதான் இதன் அழகு. ‘க’ என்ற ஒரு பங்கை வைத்துப் பார்ப்போம். கணக்கு, குறிப்பு இரண்டையும் இடம் கருதி விட்டிருக்கிறேன்.

தேதி | வகை | குறியீடு | எண்ணிக்கை | விலை | கட்டணம் | பிற வரவு | பணம்
2023-01-10 | வாங்கல் | க | 100 | 50 | 20 | 0 | −5,020
2023-11-06 | வாங்கல் | க | 50 | 80 | 20 | 0 | −4,020
2024-08-12 | டிவிடெண்ட் | க | 0 | 0 | 0 | 300 | 300
2024-10-01 | ஸ்ப்ளிட் | க | 150 | 0 | 0 | 0 | 0
2025-05-20 | விற்பனை | க | −120 | 45 | 20 | 0 | 5,380

நான்காவது வரிசையைக் கவனியுங்கள். ஒரு பங்கு இரண்டாகப் பிரிந்தது. கையிலிருந்த 150 பங்கு 300 ஆனது. பழைய வரிசைகளைத் திருத்தி 100-ஐ 200 ஆக்க ஆசை வரும். வேண்டாம். கூடுதலாக வந்த 150-ஐ பூஜ்ய விலைக்கு ‘வாங்கியதாக’ ஒரு வரிசை போட்டால் போதும். எண்ணிக்கை சரியாகிவிடும், பணம் மாறாது, புரோக்கர் அனுப்பிய பழைய ஒப்பந்தச் சீட்டோடு உங்கள் பழைய வரிசைகள் இன்றும் ஒத்துப்போகும். நிறுவனம் இலவசமாகத் தரும் போனஸ் பங்குக்கும் இதேதான். பல பங்குகளை ஒன்றாக இணைத்தால் மட்டும் எண்ணிக்கை மைனஸில் போகும்.

டிவிடெண்டை அதே பங்கில் மறுமுதலீடு செய்பவர்கள் இரண்டு வரிசை எழுத வேண்டும்: ஒன்று டிவிடெண்ட் வந்தது, அடுத்தது அதே தேதியில் வாங்கியது. ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடுமே என்று சோம்பல்பட்டு விட்டுவிட்டால், புதிதாக வந்த பங்குகள் எண்ணிக்கையில் சேராது. வைப்புத்தொகைக்கும் இதே பதிவேட்டில் இடம் உண்டு: விலையை 1 என்று வைத்து, போட்ட தொகையை எண்ணிக்கையாக எழுதுங்கள்.

வெளிநாட்டு நாணயத்தில் வாங்குபவர்கள் ‘மாற்று விகிதம்’ என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, அன்றைய விகிதத்தை அன்றே எழுதிவிட வேண்டும். ‘பணம்’ ஃபார்முலா முழுவதையும் அதனால் பெருக்கினால் அந்தத் தொகை உங்கள் நாணயத்துக்கு வந்துவிடும். உள்ளூர் வரிசைகளில் விகிதம் 1.

தேதியும் வரம்பும்

ஆரம்பத்தில் படுத்தி எடுப்பது தேதிதான். 03/07 என்று எழுதினால் அது மார்ச் ஏழா, ஜூலை மூன்றா என்பது கணினியின் அமைப்பைப் பொறுத்தது. 2025-07-03 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள், குழப்பம் வராது. எழுதிய தேதியை ஷீட் தேதியாகத்தான் எடுத்துக்கொண்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு. தேதி உள்ளுக்குள் வெறும் எண்தான்; எக்செலில் 1900 ஜனவரி 1 என்பது 1. அதனால் நீங்கள் சீரமைப்பை மாற்றாதவரை தேதி கட்டத்தின் வலது ஓரமாக நிற்கும். இடது ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றால் அது தேதியல்ல, வெறும் எழுத்து. புரோக்கரின் இணையதளத்திலிருந்து இறக்கிய கோப்புகளில் இது அடிக்கடி நடக்கும்.

‘வகை’, ‘குறியீடு’ இரண்டுக்கும் டேட்டா வேலிடேஷன் வசதியைப் பயன்படுத்தி கீழிறங்கு பட்டியல் வைத்துவிடுங்கள். பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் கூட்டுத்தொகையில் அந்த வரிசை காணாமல் போகும்.

அடுத்தது வரம்பு. 2-ஆம் வரிசையிலிருந்து 50-ஆம் வரிசை வரை கூட்டு என்று ஃபார்முலா எழுதிவிட்டு, 51-ஆவது வரிசையை நிரப்பும்போது அதை மறந்துவிடுவது எல்லோருக்கும் நடக்கும். பொருளாதார நிபுணர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்விலேயே, சராசரி போடும் ஃபார்முலாவின் வரம்பு 20 நாடுகளில் 5 நாடுகளை விட்டுவிட்டது. 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தபோதுதான் அது வெளியே வந்தது. உங்கள் கோப்பை அப்படி யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை. எக்செலில் பதிவேட்டை ‘டேபிள்’ ஆக மாற்றிவிடுங்கள், புது வரிசை சேரச் சேர வரம்பும் நீளும். மற்றவற்றில் நெடுவரிசை முழுவதையும் வரம்பாகக் கொடுத்துவிடலாம்.

விலையும் இருப்பும்

இரண்டாவது தாள் ‘விலை’. ஒரு குறியீட்டுக்கு ஒரு வரிசை, பக்கத்தில் இன்றைய விலை, எந்தத் தேதியின் விலை என்பது. கூகுள் ஷீட்ஸில் கூகுள்ஃபைனான்ஸ் (GOOGLEFINANCE) ஃபங்ஷன் விலையைக் கொண்டுவந்து கொடுக்கும். 20 நிமிடம் வரை தாமதமாக இருக்கலாம், எல்லாச் சந்தைகளும் அதில் இல்லை. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா உள்ளவர்களுக்கு எக்செலில் ‘ஸ்டாக்ஸ்’ என்ற வசதி உண்டு. என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவர் மாதம் ஒரு தடவை கையால் விலை போடுவதே நல்லது. பத்துப் பதினைந்து குறியீட்டுக்கு மேல் யாருக்கும் தேவைப்படாது. நிமிடத்துக்கு ஒரு தடவை மாறும் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கை சும்மா இருக்காது.

மூன்றாவது தாள் ‘இருப்பு’. இதில் கையால் எழுதுவது குறியீடு மட்டும். எண்ணிக்கைக்கு சம்இஃப்ஸ் (SUMIFS) ஃபங்ஷன்: பதிவேட்டில் இந்தக் குறியீடு உள்ள வரிசைகளின் எண்ணிக்கையைக் கூட்டு. நம் ‘க’ பங்குக்கு 100 + 50 + 150 − 120, அதாவது 180. விலைத் தாளிலிருந்து விலையை எடுக்க எக்ஸ்லுக்அப் (XLOOKUP). பழைய எக்செலில் விலுக்அப் (VLOOKUP)தான் இருக்கும் என்றால், அதன் நான்காவது இடத்தில் ‘ஃபால்ஸ்’ (FALSE) அல்லது 0 போட மறக்காதீர்கள். அதை விட்டால், சரியாகப் பொருந்தும் குறியீட்டைத் தேடாமல் தோராயமாகப் பக்கத்தில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தியும் வராது, வேறு பங்கின் விலை வந்து உட்கார்ந்துவிடும்.

எண்ணிக்கையை விலையால் பெருக்கினால் சந்தை மதிப்பு. இன்று விலை 48 என்று வைத்துக்கொண்டால் 180 × 48 = 8,640.

லாபம் எவ்வளவு?

இந்த இடத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். 120 பங்கு விற்றோமே, அதில் லாபம் எவ்வளவு? அது எந்தப் பங்கை விற்றதாக எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. முதலில் வாங்கியதே முதலில் போனது என்று கொண்டால், முதல் தொகுப்பு ஸ்ப்ளிட்டுக்குப் பிறகு 200 பங்கு, ஒன்றின் அடக்கவிலை 25.10. விற்ற 120-இன் அடக்கம் 3,012, லாபம் 2,368. சராசரி விலையை எடுத்துக்கொண்டால் மொத்தம் போட்ட 9,040-இல் 300-க்கு 120 பங்கு, அதாவது அடக்கம் 3,616, லாபம் 1,764. ஒரே விற்பனை, இரண்டு லாபம்.

எது சரி? வரிக் கணக்குக்கு உங்கள் நாட்டுச் சட்டம் எதைச் சொல்கிறதோ அதுதான். ஆனால் மொத்த லாபத்துக்கு இந்த வம்பே வேண்டாம். ‘பணம்’ நெடுவரிசையைக் கூட்டுங்கள்: −5,020 − 4,020 + 300 + 0 + 5,380 = −3,360. இன்னும் உங்கள் பையிலிருந்து நிகரமாகப் போயிருப்பது 3,360. கையில் இருப்பது 8,640. இரண்டையும் கூட்டினால் 5,280, அதுதான் இதுவரை கிடைத்த மொத்த லாபம்.

சரிபார்த்துப் பாருங்கள். முதல் முறையில் விற்ற லாபம் 2,368, டிவிடெண்ட் 300, கையிலுள்ள 180 பங்கின் அடக்கம் 6,028 என்பதால் விற்காத லாபம் 2,612. கூட்டினால் 5,280. சராசரி முறையில் 1,764, 300, 3,216. அதுவும் 5,280. முறை மாறினால் விற்ற லாபத்துக்கும் விற்காத லாபத்துக்கும் நடுவே தொகை இடம் மாறும், அவ்வளவே. இதை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஷீட்டின் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

அதனால், முதலில் வாங்கியது முதலில் என்ற கணக்கை ஃபார்முலாவில் எழுத முயன்று ராத்திரியை வீணாக்காதீர்கள். செய்ய முடியும், ஆனால் புதியவருக்கு அது தேவையில்லாத தலைவலி. வரிக்கு புரோக்கர் தரும் ஆண்டு அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு எத்தனை சதவீதம்?

மொத்த லாபம் தெரிந்தால் போதாது. அதே லாபம் ஒரு வருடத்தில் வந்ததா, ஐந்து வருடத்தில் வந்ததா? போட்ட பணத்தால் வகுத்துச் சதவீதம் சொல்வது இங்கே ஏமாற்றும். 2025 ஜனவரி 1-இல் 10,000 போடுகிறீர்கள். டிசம்பர் 1-இல் இன்னொரு 10,000. 2026 ஜனவரி 1-இல் மதிப்பு 21,000. 20,000-க்கு 1,000 லாபம், 5 சதவீதம் என்று தோன்றும். ஆனால் பாதிப் பணம் உள்ளே இருந்தது ஒரே ஒரு மாதம்தான். அதையும் கணக்கில் எடுத்தால் ஆண்டு வருமானம் சுமார் 9.2 சதவீதம்.

இதைப் போடும் ஃபங்ஷன் எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR). நான் சொன்ன மூன்று மென்பொருளிலும் உண்டு. அதற்குத் தேவை இரண்டு நெடுவரிசை: தேதியும், குறியோடு பணமும். இரண்டும் பதிவேட்டில் தயாராக இருக்கின்றன. தனித் தாளில் அந்த இரண்டையும் கொண்டுவந்து, கடைசி வரிசையில் இன்றைய தேதியையும் மொத்தச் சந்தை மதிப்பையும் பிளஸில் சேருங்கள், இன்றைக்கே எல்லாவற்றையும் விற்றுவிட்டது போல. பதிவேட்டிலேயே அந்தக் கடைசி வரிசையை எழுதிவிடாதீர்கள், நடக்காத விற்பனை அங்கே நுழையக் கூடாது. எக்செலில் முதல் வரிசையின் தேதிதான் எல்லாவற்றிலும் பழையதாக இருக்க வேண்டும், குறைந்தது ஒரு பிளஸும் ஒரு மைனஸும் வேண்டும். இல்லையென்றால் பிழை காட்டும்.

ஒரு எச்சரிக்கை. தொடங்கி ஒரு வருடம் ஆகாதவரை இந்த எண்ணைப் பார்க்காதீர்கள். 30 நாளில் 3 சதவீதம் ஏறினால் எக்ஸ்ஐஆர்ஆர் அதை ஆண்டுக்கு சுமார் 43 சதவீதம் என்று காட்டும். கணக்கு சரி, அர்த்தம்தான் இல்லை.

ஒரு வருடம் தாண்டியபின் வரும் எண்ணைக் கொண்டாடுவதா வருத்தப்படுவதா என்பதற்கு ஒப்பிட ஏதாவது வேண்டும். ‘பணம்’ நெடுவரிசைக்குப் பக்கத்தில், அதே தேதியில் அதே தொகையை, சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருந்தால் எத்தனை யூனிட் வந்திருக்கும் என்று எழுதுங்கள். விற்ற தொகைக்கும் டிவிடெண்டுக்கும் யூனிட்டைக் கழியுங்கள். மிஞ்சும் யூனிட்டை இன்றைய விலையால் பெருக்கி அதற்கும் எக்ஸ்ஐஆர்ஆர் போடுங்கள். டிவிடெண்டை மறுமுதலீடு செய்யும் ஃபண்டையே எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் போட்டி உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். பங்கு தேடிச் செலவழித்த நேரத்துக்கெல்லாம் இது பதில் சொல்லும். பலருக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை.

எது எவ்வளவு?

இருப்புத் தாளில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ‘இனம்’ என்று ஒரு நெடுவரிசை: பங்கு, கடன் பத்திரம், தங்கம், ரொக்கம். இனவாரியாகக் கூட்டி, மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் இலக்கு, அதற்கடுத்து வித்தியாசம். வித்தியாசம் 5 சதவீதப் புள்ளியைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும்படி நிபந்தனை வடிவமைப்பு (கண்டிஷனல் ஃபார்மேட்டிங்) வைத்தால் போதும். வட்ட வரைபடம் போடலாம், பார்க்க நன்றாக இருக்கும், வேறு பயன் பெரிதாக இல்லை.

மாதக் கடைசியில்

முதல் வேலை புரோக்கர் ஸ்டேட்மெண்டைப் பக்கத்தில் வைத்து, இருப்புத் தாளின் எண்ணிக்கையோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்ப்பது. ஒத்துப்போகாத பங்கில் பெரும்பாலும் ஒரு போனஸோ ஸ்ப்ளிட்டோ விடுபட்டிருக்கும். அப்புறம் ஒரு காவல் கட்டம் வையுங்கள்: இருப்புத் தாளின் மொத்த எண்ணிக்கையிலிருந்து பதிவேட்டின் மொத்த எண்ணிக்கையைக் கழித்தால் பூஜ்யம் வரவேண்டும். வெவ்வேறு பங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு அர்த்தம் எதுவும் இல்லைதான். ஆனால் புதிதாக வாங்கிய பங்கை இருப்புத் தாளில் சேர்க்க மறந்திருந்தால், அல்லது ஒரு குறியீடு தப்பாக அடிக்கப்பட்டிருந்தால், இந்தக் கட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால் ‘மாத முடிவு’ என்ற தாளில் ஒரு வரிசை: தேதி, மொத்த மதிப்பு, அதுவரை நிகரமாகப் போட்ட பணம், எக்ஸ்ஐஆர்ஆர். இந்த ஒரு தாளில் மட்டும் விதியைத் தளர்த்துகிறோம். விலைத் தாள் நேற்றைய விலையை நினைவில் வைத்துக்கொள்ளாது, எனவே ஃபார்முலாவை ஒட்டாமல் மதிப்பை மட்டும் ஒட்ட வேண்டும். வலது கிளிக்கில் ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ என்பதற்குள் அந்தத் தேர்வு இருக்கும். வருடக்கணக்கில் சேர்ந்தபின் வரைபடம் போடத் தகுந்தது இந்தத் தாள்தான்.

கடைசியாகக் கோப்பின் ஒரு பிரதியைத் தேதியோடு பெயரிட்டு வேறு இடத்தில் வையுங்கள். இணையத்தில் உள்ள ஷீட் என்றால், இணைப்பு கிடைத்த யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்ற அமைப்பில் இல்லையே என்று ஒரு தடவை பாருங்கள். கடவுச்சொல்லை இந்தக் கோப்பில் எழுதவே கூடாது. ஆனால் எந்தக் கணக்கு எந்த நிறுவனத்தில் இருக்கிறது, நாமினி யார் என்ற விவரத்தைத் தனித் தாளில் எழுதி, கோப்பு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.